நூற்று அறுபத்து மூன்று மீட்டர்

மலை என்று எழுதினால்
பக்கத்திலேயே உயரத்தையும் எழுதிவிட வேண்டும்:
நூற்று அறுபத்து மூன்று மீட்டர்.
எங்கள் புளோக்கின் மின்தூக்கி
காலை ஆறிலிருந்து ஏழுக்குள் ஏறி இறங்குவது
இதைவிட அதிகம்.
ஆனாலும் புக்கிட் தீமாவின் முதல் திருப்பத்திலேயே
எனக்கு மூச்சு வாங்குகிறது.

இரவு ஷிஃப்ட் முடிந்து நேராக வருகிறேன்.
பையில் இரண்டு லென்ஸ், ஒரு குடை,
கொசு மருந்து, பாதி கடித்த காயா ரொட்டி.
எக்ஸ்ரே அறையில் எட்டு மணி நேரம்
நான் சொல்வது இரண்டே வாக்கியம்:
மூச்சை இழுத்துப் பிடிங்க.
இப்போ விடலாம்.
தமிழில், மலாயில், அரைகுறை ஹொக்கியனில்.

இங்கே யாரிடமும் அப்படிச் சொல்ல முடிவதில்லை.
சிலந்தி அசைகிறது.
சிலந்தி நின்றால் வலை அசைகிறது.
வலையும் நின்றால்
என் கை.

கல்லுடைத்த பழைய குழியில்
தண்ணீர் பச்சையாய்க் கிடக்கிறது.
வெடி வைத்துப் பிளந்த கருங்கல் சுவரில்
விரலும் நுழையாத விரிசலில் ஒரு பெரணி.
மூன்று வாரமாக அதைத்தான் எடுக்கப் பார்க்கிறேன்.
முதல் வாரம் வெளிச்சமில்லை.
இரண்டாம் வாரம் மழை.
போன வாரம் ஒரு குரங்கு
ரொட்டியோடு லென்ஸ் மூடியையும் தூக்கிப் போனது.

ரொஹானா தகவல் சொல்லியிருந்தாள்:
குடிலைத் தாண்டி, சிராயா மரத்தில்,
குபோங் ஒன்று, குட்டியோடு.
யாரிடமும் இடத்தைச் சொல்லாதே.
சொல்லவில்லை.
குடிலைத் தாண்டியும் இல்லை,
சிராயாவும் இல்லை.

மரப்பட்டையில் மரப்பட்டையாய் ஒட்டியிருந்தது.
நனைந்த குடையை யாரோ மடித்துச் சாய்த்துவிட்டு
மறந்து போனதுபோல.
முகத்துக்குக் குறுக்கே ஒரேயொரு இலை.
பக்கத்தில் முக்காலி விரித்திருந்தவர்
தரையில் நீளமான குச்சி தேடினார்.
வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
இருமினேன்.
வார்டில் பழகிய, நல்ல கனத்த இருமல்.

அவர் குச்சியைப் போட்டுவிட்டார்.
அது மரத்தை விட்டுவிட்டது.

வெயிலின் குறுக்கே விரிந்த தோல்.
தோலுக்குள்ளே வெளிச்சம்.
ஐந்து விரல், மணிக்கட்டு, நீண்ட முன்கை எலும்பு,
வயிற்றோடு ஒட்டி இன்னொரு சின்ன நிழல்.
முறிவு எதுவும் இல்லை என்று
பழக்கத்தில் மனம் அறிக்கை எழுதி முடிப்பதற்குள்
அடுத்த மரம் அதை வாங்கிக்கொண்டது.
கேமரா என் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது.
துரத்தியது குச்சி இல்லை, நான்தான்.

வீட்டில் வந்து பார்த்தேன். மொத்தம் நாற்பத்தொரு படம்.
எல்லாவற்றிலும் அந்த இலை,
நரம்பை எண்ணலாம், அவ்வளவு துல்லியம்.
அதன் பின்னால் ஒரு மங்கல்.
நாற்பதை அழித்தேன்.

அன்றிரவு ஒரு டாக்சி ஓட்டுநர்,
இரண்டு மாத இருமலோடு.
மூச்சை இழுத்துப் பிடிங்க அங்கிள்.
திரையில் விலா விலாவாக விரிந்தது.
நடுவில் முதுகெலும்பு, இருபுறமும் கறுப்பாய்க் காற்று.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கண்ணாடிக்கு அப்பால்
முகம் சிவந்து, ஒரு விரலைத் தூக்கி,
பள்ளிப் பிள்ளைபோல் அனுமதி கேட்டார்.

சாரி அங்கிள்.
இப்போ விடலாம்.