கண்ணாடியில் கால்வாசி

படம் பிடிச்சது நான்தான்.
அதனால் எந்தப் படத்திலும் நான் இல்லை
என்றுதான் நினைத்திருந்தேன்.

ஷானுவின் வீடு நாவலடிப் பக்கம், கடல் தெரிகிற மாடி.
வருசத்தில் பதினெட்டு நாள்தான் அங்கே லைட் எரியும்.
மிச்ச நாளெல்லாம் அவ சூரிச்சில் கோப்பி குடிப்பதை
மூணு லட்சம் பேரோடு நாங்களும் பார்ப்போம்.
எந்த அலுமாரியில் என்ன இருக்கென்று
அவவே திறந்து காட்டியிருந்தா.
குசினி யன்னலுக்குக் கொளுக்கி இல்லை என்பதையும்,
வெங்காயம் வதக்கிக்கொண்டே.

டிலோஜன் ஏறினான்.
வினுஜா செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தாள்,
களவெடுக்க வந்த வீட்டில்.
சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் கை ஆடினது.
வீடியோவிலும் ஆடும், பாருங்கள்.

மறுகா
ஊதாச் சாரி, உயரக் குதி, கறுப்புக் கண்ணாடி.
ஷானு நிற்கும் அதே இடத்தில் நின்று
ஷானு கிறுகுவது போலவே கிறுகி
'ஹாய் செல்லங்களா' என்றாள் வினுஜா.
கீழே நாய் குரைத்தது. ஒரு ஆளும் வரவில்லை.
அந்த நாற்பது நிமிசம்
கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
எங்களைவிடப் பணக்காரர் இல்லை.

கோட்டமுனைக் கடைக்காரர் மாலையை உரசிப் பார்த்தார்.
பிறகு எங்களைப் பார்த்தார்.
"கவரிங், தங்கச்சி."
ஏழு மாலை. ஏழும்.
டிலோஜன் ரோட்டிலேயே குந்திவிட்டான்.
வினுஜா மட்டும் பெட்டியை மூடி
பாடசாலைப் பையில் வைத்துக்கொண்டாள்.

நெருங்கின ஆக்களுக்கு மட்டும் என்று போட்ட வீடியோ
நெருங்காத ஆக்களுக்கும் போனது.

சூரிச்சிலிருந்து ஷானு அழுதா.
நாற்பது பவுன், அம்மம்மாட தாலிக்கொடியோட, என்றா.
கண்மை கரையவில்லை.
எட்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.
எங்கள் பெயர் வரும் வரும் என்று
மூவரும் ஒரு போனில் கடைசிவரை பார்த்தோம்.
'ஊர்ப் பொடியள்' என்றதோடு சரி.

பொலிஸில் கேட்டார்கள்: நாற்பது பவுன் எங்கே?
ஒரு சொல் போதும் எங்களுக்கு.
டிலோஜன் வாய் திறக்க
வினுஜா முந்திக்கொண்டாள்:
"கடலுக்க எறிஞ்சிட்டம், சேர்."
பிறகு, விளக்கமறியலுக்கு ஏற்றுமுன்
என் காதுக்குள்:
"அவட பேர் கெட்டா என்ன செய்யிற?"

என்னைப் பிடித்தது அலுமாரிக் கண்ணாடி.
நிறுத்தி, பெருப்பித்து, அச்சடித்து
நீதவானுக்குக் கொடுத்தார்கள்:
ஒரு காது, அரைக் கன்னம், போன் பிடித்த விரல்கள்.
அவர் படத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து,
மறுபடி படத்தைப் பார்த்தார்.

வெளிச்சம் நல்லாத்தான் விழுந்திருந்தது.