இடக்கு

ஜக்கூரில் சின்ன விமானங்கள் எழும்பும் திசையில்
தகரக் கூரை லாயம், மணல் வட்டம்.
ஞாயிறு காலை ஆறரை.
பாதாம் என்று பெயர் அவளுக்கு.
ரேஸில் ஓடிய நாளில் இதைவிட நீளமாக
ஏதோ இருந்ததாம்.
இப்போது என் எழுபத்தொன்பது கிலோவைச் சுமந்து
சுற்றுகிறாள்.

நடுவில் நிற்பவள் தேச்சம்மா,
என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்.
'எடக்கே, எடக்கே' என்கிறாள் கன்னடத்தில்.
வலச்சுற்றில் சமர்த்தாகப் போகும் குதிரை
இடச்சுற்றில் மட்டும்
வேலியோரம் வேலியோரம் என்று ஒதுங்குகிறது.
"இடக்குப் பண்றா" என்றேன்.

மூன்று வாரம் அதையே சொன்னேன்.

நாலாம் வாரம் அவள் என்னை இறக்கி
மணலைக் காட்டினாள்.
குளம்புத் தடங்கள்.
வட்டம் என்று நான் நினைத்திருந்தது
ஒரு பக்கம் வெளியே பிதுங்கி
கை நழுவி ஊற்றிய தோசை மாதிரி கிடந்தது.
"இது அவ போட்டதில்லை, நீங்க போட்டது."

மறுபடி ஏற்றினாள். அங்கவடிகளைக் கழற்றிவிட்டாள்.
நீளக் கயிற்றில் பாதாமைக் கட்டிப் பிடித்துக்கொண்டு
என்னைக் கண்ணை மூடச் சொன்னாள்.
"உட்கார்ற எலும்புல எந்தப் பக்கம் கனம்?"

எலும்பா?
முப்பத்தொன்பது வருஷம் நாற்காலிகளில் இருந்தவன்,
இன்சூரன்ஸ் கோப்புகளில்
மற்றவர்களின் எலும்பு முறிவைச் சதவீதமாக எழுதுகிறவன்,
எனக்குக் கீழேயும் இரண்டு இருப்பதை
அன்றுதான் விசாரித்தேன்.

வலது, என்றது உடம்பு.
வலது, சேணத்தில் அறைந்த ஆணி.
இடது, யாரும் குடிவராத அறை.
அங்கிருந்து படிப்படியாக மேலே போனேன்:
இடது விலா நொறுங்கி மடிந்து
வலது தோள் முன்னே வந்து
கழுத்து வட்டத்தின் நடுவுக்குத் திருகி
பல்லைக் கடித்தபடி
வலது காதைத் தட்டு மாதிரி
அவள் குரலுக்கு ஏந்திக்கொண்டிருந்தேன்.

ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி.
வீக்கம் வடியும்போது
இடது காதையும் கூடவே கொண்டுபோயிற்று.

ஆபீஸில் யாருக்கும் தெரியாது.
மீட்டிங்கில் இடக்கோடி நாற்காலி.
நடக்கையில் எல்லோருக்கும் இடப்புறம்.
கேட்காத இடத்தில் ஒரு சிரிப்பு.
பாதாமுக்குத் தெரிந்திருக்கிறது.
கேட்பதற்கு வளைகிறவனின் கனம்
எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம்
சரியாகத்தான் போயிருக்கிறாள்,
மூன்று வாரமும்.

சொன்னேன், கண்ணைத் திறக்காமலே.
கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும்.
கொள்ளு ஊறவைத்துக்கொண்டிருந்த சித்தலிங்கு
வாளியை வைத்துவிட்டுப் பார்த்தானாம்.
தேச்சம்மா "ஓ" என்றாள்.
என்றிருக்கலாம்.
அந்தப் பக்கம்தான் நின்றாள்.

பிறகு அவள் பேசவேயில்லை.
குதிரை நடந்தது.
கேட்க ஒன்றுமில்லாமல் போனதும்
கழுத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
ஒரு சுற்று யோசித்தது,
இரண்டாம் சுற்றில் தானாக முன்னால் திரும்பிற்று.
எப்போது பிடித்ததோ, விலா ஒரு மூச்சை விட்டது.
இடது எலும்பு இறங்கிவந்து சேணத்தைத் தொட,
அடியிலிருந்து ஒன்று வந்தது.

தொம்.

பின்னங்கால், இடது.
இடுப்பை ஒரு விரற்கடை தூக்கி இறக்கிவிட்டு
போயிற்று. மறுபடி
தொம்.
முப்பத்து மூன்று வருஷம் கழித்து
இடப்பக்கமாக எனக்கு ஒரு சத்தம்.
மேலே விமானம் ஒன்று அப்போதுதான் போனதாம்,
அதைக் கேட்கவில்லை.

இறங்கிப் பார்த்தேன்.
வட்டம் இன்னும் முட்டைதான்.
தோசைக்குத் தேவலை.

ஹெப்பால் மேம்பாலத்தில் பஸ் வளைகையில்
கம்பியைப் பிடித்தபடி
எந்தக் காலில் நிற்கிறேன் என்று பார்த்தேன்.
வலது. வேறென்ன.
பாதிக் கனத்தை இந்தப் பக்கம் எடுத்து வைத்தேன்,
கூச்சமாக இருந்தது, பிறத்தியார் செருப்பில் நிற்பது போல.
இடப்பக்கம் நின்றவரின் உதடு அசைந்தது.
வழக்கமாக வளைகிறவன் நான்.
"இந்தக் காது கேக்காது சார்,
அந்தப் பக்கம் வாங்க."

கூட்டத்தில் பையைத் தூக்கிப் பிடித்துச் சுற்றி வந்தார்.
மேக்ரி சர்க்கிளில் இறங்க வேண்டுமாம்.