வைத்ததும் எடுத்ததும்

இழுக்கும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது.
அதுவரை வெறும் பிளாஸ்டிக்,
ரொட்டி சுற்றுகிற தாளுக்கு ஒன்றுவிட்ட தம்பி.
எண்பது டிகிரியில் சூடாக்கி
நான்கு மடங்கு நீளத்துக்கு மெல்ல இழுத்து
ஆயிரக்கணக்கான வோல்ட்டில் நிறுத்தினால்
உள்ளே கலைந்து கிடந்த மூலக்கூறுகளெல்லாம்
ஒரே பக்கம் முகம் திருப்பிக்கொள்ளும்.
தார்த்து நகரத்தில் இதுதான் என் வேலை.
அவசரப்பட்டால் கிழியும்.
இந்தக் குளிர்காலத்தில் மட்டும் பதினேழு கிழித்திருக்கிறேன்.

பதினெட்டாவது
ஹில்லாருடைய இதயத்தின் மேல் இருக்கிறது.

பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர்.
இதயம் ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும்
படலம் வளைகிறது, துளி மின்சாரம் ஊறுகிறது,
அந்தத் துளியில் ஓர் உணரி விழித்து
அழுத்தத்தைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறது.
பேட்டரி இல்லை.
அதை மாற்றவென்று மறுபடி மார்பைத் திறக்க வேண்டியதில்லை.
"குடியிருக்கிறவன் வாடகை தருவதில்லை,
சாப்பாடும் என்னுடையது" என்பார்.

வண்டியின் அதிர்வையும் சேர்த்தே தின்கிறது அது.
வரைபடத்தில் என்ஜின் எது, இதயம் எது என்று
பிரித்தெடுப்பதற்குள் எனக்குக் கண் பூத்துவிடும்.
ஆனால் ஒரு நாள்கூடத் தவறாமல்
விடிகாலை நாலு பத்துக்கு என்ஜின் நின்றுவிடுகிறது.
இருபது நிமிஷம் இதயம் மட்டும்,
புதுப் பனியில் ஒற்றை ஆள் நடந்துபோன தடம் மாதிரி.
டாக்டர் லீவி சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு
'கேளுங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

கேட்டேன். "காப்பி" என்றார்.
பிறகு, "சத்தம் வருகிறதா என்று பார்ப்பேன்,
அது தின்கிற சத்தம்."
பிறகு, "அந்த வளைவில்தான் ஐனோவை முதலில் ஏற்றிக்கொண்டேன்."
அதற்கு மேல் பேசவில்லை.

மேஜையில் மிச்சத் துண்டு ஒன்று கிடந்தது. கம்பி கோத்து
அவர் கட்டைவிரலுக்கு அடியில் வைத்தேன்.
அழுத்தினார்.
திரையில் ஒரு முள் எழுந்தது,
உடனே விழுந்து வெறும் கோடாகிவிட்டது.
"இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறேன்."
எனக்குத் தெரியும், அதற்குத் தெரியாது என்றேன்.
மாறுவதைத்தான் அது சொல்லும்.
மாறாமல் இருக்கிற கனம்
கொஞ்ச நேரத்தில் கசிந்து போய்விடும்.
எடுத்தார்.
கீழ்நோக்கி ஒரு முள்.

"வைத்தது தெரிகிறது. எடுத்தது தெரிகிறது.
நடுவே இருந்தது?"

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது,
இன்றிரவு அவருக்கு வேலை இருக்கும்.
கையுறையை மாட்டப் போனவர்
திரும்ப உட்கார்ந்து விரலை வைத்தார்.
முள் எழுந்து, விழுந்தது.
கோடு ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது.
அவர் இன்னும் எடுக்கவில்லை.