மூன்றரைக் கொழுப்பு

கொழுப்பு மூன்றரைக்குக் குறைந்தால்
வண்டி பொள்ளாச்சிக்கே திரும்ப வேண்டும்.
ஓணத்துக்கு இன்னும் ஐந்து நாள்.
மீனாட்சிபுரம் பால் சாவடியில்
பதினோரு டேங்கர்கள் விளக்கணைத்து நிற்கின்றன.

சாம்பிளை மிஷினில் வைத்துவிட்டு
நான் பார்த்துக்கொண்டிருப்பது எறும்புகளை.

போன வாரமெல்லாம்
ரெஜியின் சாயா கிளாஸ் அடியில்
ஒட்டிக் கிடந்த சீனியை விட்டு நகரவில்லை.
துடைத்தேன், ஊதினேன், சாக்பீஸால் கோடு போட்டேன்.
இன்றைக்கும் அதே கிளாஸ், அதே சீனி.
மீசையால் ஒரு தொடு தொட்டுவிட்டுக்
கடந்து போகிறார்கள்,
கல்யாண வீட்டில்
கடன் கொடுத்தவனைக் கண்டவர்கள் மாதிரி.

எல்லோரும் ட்யூப்லைட்டுக்கு அடியில்.
மழை விட்டதும் வந்து விழுந்த ஈசல்கள்.
இறகைக் கத்தரித்துப் போட்டுவிட்டு
உடம்பை மட்டும் இழுக்கிறார்கள்.
ரெஜி பொட்டலத்தில் மிச்சம் வைத்த
மத்தித் தலைக்கும் ஒரு வரிசை.

சுவருக்குள் எங்கோ
முட்டைகள் பொரிந்திருக்க வேண்டும்.
வளர்கிற உடம்பு சீனியில் வளராது.
ஆனால் இழுத்துப் போகிறவள்
இதில் ஒரு துணுக்கும் விழுங்க மாட்டாள்.
நூல் போல இடுப்பு;
தண்ணியாய் இருப்பதுதான் இறங்கும்.
தான் தின்னாததைத் தேர்ந்தெடுக்க
எந்த மிஷின் சொன்னது அவளுக்கு?
உள்ளே, இருட்டில், ஊட்டும்போது
இது போதும், அது வேண்டும் என்று
வாய்மாறி வாய்மாறி
வாசல் வரைக்கும் வந்திருக்கும்
யாருடையதோ ஒரு பசி.

ஜன்னலில் நாச்சிமுத்து அண்ணன்.
பன்னிரண்டாயிரம் லிட்டர் பின்னால் நிற்க
கையில் கட்டஞ்சாயா.
"பாலு நமக்கு ஆகாதுங்க அம்மிணி,
ஒரு மொடக்குக் குடிச்சாலும்
வவுத்தக் கலக்கீரும்."
சிரித்து முடிப்பதற்குள்
மிஷின் கீச்சிட்டது.

மூன்று புள்ளி நான்கு.

ரெஜி என்னைப் பார்த்தான்.
"ஒன்னுகூடி நோக்காம்."
ஆடை மேலே மிதந்திருக்கும்,
சரியாகக் கலக்கியிருக்க மாட்டார்கள்.
அண்ணன் ஏணியில் ஏறி
மூடியைத் திறந்து
நீளக் கரண்டியால் ஆழத்தைத் துழாவுகிறார்.
அவர் சாயா ஜன்னல் விளிம்பில் ஆறுகிறது.

அதுவரை சும்மா நிற்பானேன் என்று
வெளியே போய் டார்ச் அடித்தேன்.
சுவர் விரிசலுக்குக் கீழே
பொடிக் குவியல்:
சாறு உறிஞ்சிய சக்கை, மீன் செதிள்,
பாதி தின்ற ஈசல் வயிறு.
அளவுக்கு மேல் வந்ததை
இவர்களும் திருப்பி அனுப்புகிறார்கள்,
ரசீது இல்லாமல்.

உள்ளே மறுபடி கீச்சிட்டது.
ரெஜி எண்ணைச் சொல்வதற்குள்
பன்னிரண்டாவது டேங்கர் வந்து
விளக்கணைத்தது.