இரண்டு புள்ளி நான்கு

பார்க்கத் துப்பாக்கி மாதிரிதான் இருக்கும்.
கல்லின்மேல் வைத்து அழுத்தினால்
சில நொடியில் ஓர் எண்.
அந்த எண்ணைச் சொல்வதற்குத்தான்
கொல்வெசியில் எனக்குச் சம்பளம்.

ஆறு மணிக்கே மூட்டைகள் வந்துவிடும்.
இங்கே சைக்கிள் ஓட்டுவதற்கில்லை, தள்ளுவதற்கு:
இருக்கையில் ஒன்று, குறுக்குக் கம்பியில் இரண்டு.
புழுதியில் எல்லாருக்கும் ஒரே சிவப்புப் புருவம்.

முஜிங்கா ஆற்றில் கல் கழுவுகிறவள்.
பெண் இறங்கினால் தாது ஓடி ஒளியுமாம்,
குழிப்பக்கம் விடமாட்டார்கள்.
விலை பேச மட்டும் அவள்தான் வரவேண்டும்,
அப்படியொரு தொண்டை.

போன செவ்வாய், கையளவுக் கறுப்புக் கல்.
ஒன்று புள்ளி ஆறு என்றேன்.
பதில் பேசாமல்
எதிர்ச்சாரிக் கிடங்குக்குப் போனாள்.
திரும்பி வந்தவள் மடியிலிருந்து
இன்னொரு கல்லை எடுத்து
மேஜைமேல் இரண்டையும் பொருத்தினாள்.
உடைந்த விளிம்பு மயிரிழைகூடப் பிசகவில்லை.

“அங்கே இதற்கு இரண்டு புள்ளி ஒன்று.
ஒரே வயிற்றுப் பிள்ளைகள், கபெண்ட்.
உன்னிடம் வந்தது மட்டும் எப்படி இளைத்தது?”

வரிசை சிரித்தது.
நானும் சிரித்துத் தொலைத்தேன்.

வியாழனன்று பிரஸ்ஸல்ஸிலிருந்து தணிக்கையாளர்.
நல்ல மனிதர், தன் பையைத் தானே சுமந்தார்.
அன்று ஒரு சிறுவனும் கண்ணில் படவில்லை,
முந்தின நாளே சொல்லியாகிவிட்டது.
மூட்டைக்கு ஒரு சீட்டு.
எந்தக் குழி, என்ன தேதி, யார் தோண்டியது,
எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது.
எவ்வளவு குறைத்தோம் என்பதற்கு இல்லை.

“இனி இது சுத்தமான கோபால்ட்.
எங்கள் ஊர்க் கார்கள் இதில் ஓடும்” என்றார்.
மொழிபெயர்த்தேன்.
முழங்கால்வரை சேற்றோடு நின்ற முஜிங்கா
“கழுவினது நான்தானே” என்றாள்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அந்தப் பாதிகளை அவள் திரும்பக் கேட்கவே இல்லை.
ரசீதுகள் பறக்காமலிருக்க வைத்திருக்கிறேன்.

ஓர் இரவு, ஜெனரேட்டர் அணைந்தபின்,
முதலாளி முதல் நாள் காட்டித்தந்த
அந்தப் பொத்தானை
முதல் முறையாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு
இருட்டில் இரண்டையும் சுட்டுப் பார்த்தேன்.
இரண்டு புள்ளி நான்கு.
இதற்கும் இரண்டு புள்ளி நான்கு.
எதிர்க்கிடங்கும் திருடித்தான் இருக்கிறது,
கொஞ்சம் கூச்சத்தோடு.

நேற்று அவள் அதே குழிக் கல்லோடு வந்தாள்.
ஒன்று புள்ளி ஒன்பது என்று எழுதினேன்.
மீதி அரைப் புள்ளியை
என் பயம் தின்றது.

காசை இரண்டு முறை எண்ணினாள்.
என்னை ஒரு முறை பார்த்தாள்.
சைக்கிளைத் திருப்பினாள்.