இருட்டு பல்பு

டுலூத்தில் மைனஸ் இருபத்தேழு.
பனி வாரும் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு
கடை அடைக்கப் பத்து நிமிடம் இருக்கையில்
உள்ளே வருகிறான் ரெய்னோ கோஸ்கெலா.

மகள் படிக்கப் போனபோது விட்டுச்சென்ற மலைப்பாம்பு.
பெயர் வாஃபிள்.
மூன்று வாரமாக எலியைத் தொடவில்லை.

"சிவப்பு வெளிச்சம் பாம்புக்குத் தெரியாதாம்"
என்கிறாள் கடைப்பெண்.
"பாம்பு சொன்னதா?"
அவள் சிரிக்கவில்லை. வீடு தூரம் போல.

போன மாதம் வாங்கியதும் சிவப்புதான்.
ஹால் முழுக்க அடுப்புக்குள் இருக்கிற மாதிரி.
எதிர்வீட்டு ஹால்வர்சன் அம்மாள்
தீயணைப்புக்குப் போன் போட்டாள்.
வாஃபிள், தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால்,
சுருண்டது சுருண்டபடி.

நீலம் வேண்டாம்.
ராத்திரி முழுக்க லாரி உச்சியில்
சுழல்கிற நீலமே போதும்.

கீழ்த்தட்டில் தூசியோடு ஒரு பீங்கான் பல்பு.
கண்ணாடி இல்லை, இழை இல்லை,
வெளிச்சமே இல்லை.
"எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?"
"கையைக் கிட்டே கொண்டு போங்க.
தொட்டுடாதீங்க."
தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து
அறுபத்தெட்டு டாலர்.

நள்ளிரவு தாண்டியது.
பூட்ஸைக் கழற்றாமல் நிற்கிறான்
வலைமூடிக்கு மேல் உள்ளங்கையை நீட்டி.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு
யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியின்
சூடு.

மரத்தூளில் ஒரு சரசரப்பு.
எவ்வளவு தூரம் வந்தது,
தலையா வாலா, தெரியவில்லை.
மகளுக்கு அனுப்பப் படம் எடுத்தான்.
முழுக்கக் கறுப்பாக விழுந்தது.

அதையே அனுப்பினான்.