தொண்டைத் தண்ணி

மூக்கு வழியே ஒரு கறுப்புக் கம்பியை விட்டுத்
திரையில் காட்டினார் டாக்டர் ஹஸ்லிண்டா.
இருபத்தாறு வருடமாய் நான் கத்தியதெல்லாம்
இவ்வளவு சின்ன வாசல் வழியாகவா வந்தது?
இரண்டு வெள்ளை நாடா.
நட்ட நடுவே எதிரும் புதிருமாய்
ஆளுக்கொரு குருணை அரிசி.

என்ன வேலை என்றார்.
லங்காப் பக்கம் செம்பனைத் தோட்டம். மண்டோர்.
விடிய ஐந்தே முக்காலுக்குப் பெரட்டு.
அறுபத்துநான்கு பெயர்,
பக்கத்தில் உறுமிக்கொண்டு மூன்று டிராக்டர்,
ஆலைச் சங்குக்கும் எனக்கும் தினம் ஒரு வழக்கு.
சொல்லி முடிப்பதற்குள் மூன்று தரம் செருமினேன்.
"இதுதான்" என்றார். "ஒவ்வொரு செருமலும்
அந்த இரண்டுக்கும் விழுகிற அறை."

பத்து நாள் பேசக் கூடாது.
கிசுகிசுக்கவும் கூடாதாம், அது இன்னும் மோசமாம்.
படுக்கப் போகையில் சம்பல் வேண்டாம்,
ராத்திரி தே தாரிக் வேண்டாம்.
தண்ணீர், மடக்கு மடக்காய், நாள் முழுக்க.
தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறா என்று
ஊரே என்னைச் சொல்லும்.
பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்றிருந்தேன்.

அதிமதுரம் கொண்டுவந்தாள் எதிர்வீட்டு லோகநாயகி.
மருந்துக்கடை ஆ ஹுவாட் தந்தது கறுப்புப் பாகு.
விழுங்குவது எதுவும் அந்த வாசலைத் தொடாது,
தொட்டால் புரையேறும்.
டாக்டர் சொன்ன இதை
எழுதிக் காட்டப் பொறுமையில்லாமல்
எல்லாவற்றையும் விழுங்கி வைத்தேன்.

வீட்டுக்காரர் முதல் நாள் சிரித்தார்.
இரண்டாம் நாள் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.
மூன்றாம் நாள், "என்மேல என்ன கோபம்?"
நான்காம் நாள் சாப்பாட்டுக்கு நடுவில்
எப்போதோ விற்ற மோட்டார் சைக்கிளின்
உண்மையான விலையைத்
தானாகவே சொல்லிவிட்டார்.

எம்.சி.யைப் பார்த்துக் கிராணி முகம் சுளித்தார்.
ஆள் இல்லையாம். வாய் திறக்காமல் நின்றால் போதுமாம்.
நின்றேன்.
கையை அசைத்து டிராக்டர்களை அணைக்கச் சொன்னேன்.
இருபத்தாறு வருடம்
இது எனக்குத் தோன்றவே இல்லை.

பெயர்ப் பட்டியலை அட்டையில் செருகி
டார்ச் வெளிச்சத்தில் நீட்டினேன்.
ஒவ்வொருவராய் வந்து தன் வரியைத் தொட்டுத்
தன் பெயரைத் தானே சொல்லிவிட்டுப் போனார்கள்.
லொம்போக் மர்சூகி, கொட்டாவியோடு.
நேபாளத்துக் கெசாப், பள்ளிக்கூடப் பையன் மாதிரி விறைப்பாக.
நாற்பத்தோராவது வரியில் அவன் விரல் வைத்து,
"ஷொஃபிகுல்" என்றான்.

நான் கூப்பிடுவது சபிக்குல்.
டிராக்டர் இரைச்சலில் வால் அறுந்து
வெறும் சபி.
நான்கு வருடம், ஒவ்வொரு விடியலும்,
அறுபத்துமூன்று பேர் முன்னால்
தொண்டை கிழிய, சபி, சபி.
அவனுக்குத் தமிழ் தெரியாதா?
சந்தையில் கீரைக்கட்டுக்குப் பேரம் பேசுகிறவன்,
லோகநாயகியிடம் ஊறுகாய்க் கடன் கேட்கிறவன்.
ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை.

வாயைத் திறந்தேன்.
இன்னும் ஆறு நாள் பாக்கி.
மூடிக்கொண்டேன்.
அட்டையில் எழுதிக் காட்டலாம், ஆனால்
எழுத்தில் கேட்டுத் தீர்கிற மன்னிப்பா இது?
ஆவி பிடிக்கும் துண்டுக்குள்
உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்த்தேன்,
ஷொ.
சத்தம் போடாமல்.

பதினொன்றாம் நாள்
இடுப்பில் தண்ணீர்ப் போத்தல், டிராக்டர்கள் அமைதி.
என் குரல் எண்ணெய் போடாத கதவாய்த் திறந்தது.
குருணை கரைய மாதங்கள் ஆகுமாம்; ஆகட்டும்.
கத்தாமல் சொல்லிக்கொண்டே வந்தேன்.
கேட்பதற்காக அவர்களே நாலடி முன்னால் வந்தார்கள்.

"ஷொஃபிகுல்."

பதில் இல்லை.
தரையைப் பார்த்தபடி நின்றான்,
வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல.
ஒரு மடக்குக் குடித்துவிட்டு
இன்னொரு தரம் சொன்னேன், அதைவிட மெதுவாக.
மர்சூகி அவன் முழங்கையை இடித்தான்.